கயிற்றுக்கு அடியில் ஒரு விரற்கடை

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு விரற்கடை அகலத் தோலின் கதையைச் சொல்லப்போகிறேன். இது இன்னும் நடக்கவில்லை. நடந்ததைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நடக்கப்போவதை நடந்தது போலவே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்சம் கண் கலங்கும். ஆனாலும் எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டுதான் போவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் சுடலைமுத்து என்று ஒருவன் இருந்தான். இருபத்தொன்பது வயது. பேருந்தெல்லாம் மின்சாரத்தில் ஓடத் தொடங்கி, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தூணுக்குத் தூண் திரை வைத்த பிறகும் ஜனங்கள் திரையைப் பார்க்கவில்லை. காதைத்தான் நம்பினார்கள். அதனால் மைக் அறையும் சுடலைமுத்துவின் குரலும் அப்படியே இருந்தன. "சங்கரன்கோவில் போறவங்க நாலாவது மேடைக்கு வரலாம். அங்க ஏற்கெனவே தூங்கிக்கிட்டிருக்கவங்க எந்திரிக்கலாம்" என்பான். நிலையமே சிரிக்கும்.

குரலைக் கேட்டவர்கள் ஆளைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள். பிறந்ததிலிருந்தே அவன் தோல் உடம்போடு ஒட்டாத தோல். துண்டால் அழுத்தித் துடைத்தால் உரியும். செருப்பு வார் பட்டால் கொப்புளம். விரல்கள் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, ஒன்றோடொன்று சேர்ந்துபோயின. மைக் பொத்தானை மணிக்கட்டால் அமுக்குவான். சட்டையை எப்போதும் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித்தான் போடுவான். தையல் உடம்பில் உரசக் கூடாதல்லவா?

"என்ன சுடல, இருட்டுல சட்டையப் போட்டுட்டு வந்துட்டியா?" என்று புது நடத்துனர்கள் கேட்பார்கள்.

"அண்ணாச்சி, மத்தவங்க ஊர் பாக்கப் போடுதாங்க. நான் எனக்குப் போடுதேன். சட்டை என்னுதா, ஒம்முதா?"

அவன் அம்மா கனியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் பசை காய்ச்சுகிறவள். சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள். மாமன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அதிகம் பேசமாட்டாள். நல்லது கெட்டதுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகமாட்டாள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த வீட்டுக்குத்தான் மதுரையிலிருந்து ஜெசிந்தா வந்தாள். தூத்துக்குடிக் கடற்கரைப் பெண். மனித மரபணுவியலில் முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இந்தத் தோல் வியாதிதான் அவளுடைய பொருள்.

"வாங்க டாக்டர்" என்றான் சுடலைமுத்து.

"நான் இன்னும் டாக்டர் ஆகல."

"ஆனப்புறம் ஊசி போடுவீங்களா?"

"இல்ல. இது அந்த டாக்டர் இல்ல."

"அஞ்சு வருஷம் படிச்சும் ஊசி போடத் தெரியாத டாக்டரா? அம்மா, இவங்கள நம்பி வரலாம்மா, வலிக்காது."

கனியம்மாள் சிரிக்கவில்லை. "எம் புள்ளைக்கு என்னதான் வியாதி தாயி? ஒருத்தரும் வெளங்கச் சொல்லல" என்றாள்.

ஜெசிந்தா அவள் கையில் காய்ந்திருந்த பசையைப் பார்த்தாள். "மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவுல ஒரு பசை இருக்கும்மா. அதை எப்படிக் காய்ச்சணும்னு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எழுதியிருக்கும். அம்மாகிட்டருந்து ஒரு பிரதி, அப்பாகிட்டருந்து ஒரு பிரதி. ஒண்ணு பிழையா இருந்தா இன்னொண்ணு சமாளிச்சிரும். இவருக்கு ரெண்டுலயும் ஒரே எடத்துல ஒரே எழுத்து பிழை."

"மாமனும் நானும் ஒரே வீட்டுப் பிழையக் கொண்டுவந்திருக்கோம்."

"அது உங்க தப்பு இல்ல. யாருக்குத் தெரியும்?"

கனியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுவாரம் மதுரை மருத்துவமனையில் அவன் உடம்பில் ஐந்து இடங்களில் கடுகளவு தோல் எடுத்தார்கள். குதிகால், முழங்கை, முதுகு, தொடை. ஐந்தாவது, அரைஞாண் கயிறு ஓயாமல் உரசுகிற இடுப்பு. அங்கேதான் புண் அதிகம் இருக்கும் என்பது ஜெசிந்தாவின் கணக்கு. எடுத்தது செவிலி. இவள் குப்பிகளில் பேர் எழுதிக்கொண்டிருந்தாள்.

நான்கு குப்பியில் பிழை இருந்தது. ஐந்தாவதில் இல்லை. அந்தத் தோல் சுத்தமாக, பிழையே இல்லாமல், பசையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் திருமலைக்கொழுந்து தாளைத் தூக்கி மேசையில் போட்டார். "ஒப்பிட்டுப் பாக்க உன் கைத்தோலத்தான குடுத்திருந்த? அதை அஞ்சாவது குப்பியில போட்டுட்டு அதிசயம்னு வந்து நிக்க. அஞ்சு வருஷத்துல குப்பிக்குப் பேரெழுதவாவது கத்துக்கம்மா."

நியாயமான கோபம்தான். ஜெசிந்தாவும் அதை நம்பினாள். மூன்று வாரம் விடுதிச் சாப்பாட்டில் உப்பு கூடுதலா குறைச்சலா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டாள். யாருடைய தோல் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரச் சோதனை போதும் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. படித்தவர்களும் நம்மைப் போலத்தான் கண்ணுகளா, முதலில் அழுதுவிட்டு அப்புறம்தான் யோசிப்பார்கள்.

சோதனை முடிந்ததும் வழிகாட்டியின் அறைக்கு ஓடினாள். "சார், அஞ்சாவது குப்பி ஆம்பளத் தோல்."

"அதுக்கு?"

"நான் ஆம்பள இல்ல சார்."

திருமலைக்கொழுந்து கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, "கோவில்பட்டிக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

இருவருமே போனார்கள். சுடலைமுத்து திருப்பிப் போட்ட சட்டையைத் தூக்கிக் காட்டினான். ஜெசிந்தா கயிற்றை ஒரு விரலால் மெல்ல நகர்த்தினாள். கயிற்றுக்கு அடியில் இடுப்பைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு நல்ல தோல். கறுப்பாக, வழவழப்பாக, பூனைமயிரோடு.

"இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். காய்ப்புன்னு நெனச்சேன். அந்த எடம் மட்டும் வலிக்காது. மரத்துப்போச்சுன்னு விட்டுட்டேன்."

சுவரோரம் நின்ற கனியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "அது நான் செஞ்ச பாவத்தோட தழும்பு தாயி."

அவர்கள் வகையறாவில் பதினாறாம் நாள்தான் பிள்ளைக்கு அரைஞாண் கட்டுவார்கள். கட்டினால்தான் பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை. அதற்குமுன் போய்விட்டால் பேர் சொல்லி அழக்கூட மாட்டார்கள். தொட்டால் உரிகிற பிள்ளையைப் பார்த்து, பதினாறாம் நாள் எல்லோரும் சொன்னார்கள், போகிற பிள்ளைக்குக் கயிறு எதற்கு என்று. கனியம்மாள் தன் பழைய சேலை ஓரத்தைக் கிழித்து, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, தானே கட்டினாள். பிள்ளையின் இடுப்பு ரத்தமாகியது. ராட்சசி என்றார்கள். வைத்தியம் பார்த்தவரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். அன்றைக்குச் சொந்தக்காரர் வாசலை விட்டவள்தான்.

"அவுத்திருக்கலாம். அவுத்தா அவன் போயிருவான்னு எனக்கு ஒரு இது. வருசா வருசம் பொங்கலுக்குப் புதுக் கயிறக் கட்டிட்டுத்தான் பழசக் கழட்டுவேன். இடுப்பு ஒரு நிமிசம்கூட வெறுசா இருந்ததில்ல. அவன் கத்தக் கத்தக் கட்டியிருக்கேன்."

ஜெசிந்தா தரையில் அவள் எதிரே உட்கார்ந்தாள். "அம்மா, கேளுங்க. செல்லு ஒண்ணு ரெண்டாப் பிரியும்போது உள்ள இருக்கிற எழுத்தையும் பாத்து எழுதிக்கும். கோடிக்கணக்கான தடவை எழுதுது. ஒரே ஒரு தடவை, ஒரு செல்லுல, பிழையான எழுத்து தற்செயலாத் திரும்பச் சரியா விழுந்திருக்கு. வேற எடத்துல விழுந்திருந்தா கூட்டத்துல காணாமப் போயிருக்கும். இங்க கயிறு தெனமும் உரசுது. பசையில்லாத செல்லெல்லாம் உரிஞ்சு போச்சு. பசையுள்ளது நின்னுச்சு. காலி எடத்தையெல்லாம் அதோட பிள்ளைங்க பிடிச்சுக்கிட்டாங்க."

"அப்போ கயிறு காப்பாத்துச்சா?"

"கயிறு காப்பாத்தலம்மா. கயிறு பரீட்சை வச்சுச்சு. பாஸ் பண்ண ஒருத்தன் அதிர்ஷ்டத்துக்கு உள்ள இருந்தான்."

அடுத்த தப்பு ஜெசிந்தாவுடையது. அதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். மாதம் ஒரு நாள் இந்த வியாதிக் குழந்தைகளின் பெற்றோர் மதுரையில் கூடுவார்கள். சந்தோஷம் தாங்காமல் அங்கே அவள் கயிற்றின் கதையைச் சொன்னாள். அதிர்ஷ்டம் என்ற பகுதியையும் சொன்னாள்தான். ஆனால் நம் ஊரில் வருஷக்கணக்காக வழி தேடி நிற்கிற ஒரு தாயிடம் கயிறு என்று சொல்லிவிட்டு அதிர்ஷ்டம் என்று சொன்னால் அவள் காதில் எது நிற்கும்? அந்த வாரமே பதினோரு வீட்டில் பிள்ளைகள் இடுப்பில் கயிறு ஏறியது.

ஜெசிந்தாவுக்குத் தகவல் வந்ததும் ஊர் ஊராக ஓடினாள். பத்து வீட்டில் கையைப் பிடித்துக் கெஞ்சி அவிழ்த்தாள். பதினோராவது வீடு கழுகுமலையில். அங்கே பூட்டுத் தொங்கியது. ராமலட்சுமி தன் ஆறு வயது மகள் செண்பகத்தைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே மதுரைக்குப் போய்விட்டாள். இடுப்பைச் சுற்றித் தோல் கழன்று, புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறியிருந்தது.

"நீங்கதானக்கா சொன்னீங்க?" என்றாள் ராமலட்சுமி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் ஜெசிந்தாவைக் கொன்றது.

மருத்துவர் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "காய்ச்சல அடக்கிரலாம். ஆனா மூட ஒரு தோல் வேணும். இல்லன்னா அடுத்த காய்ச்சல், அதுக்கடுத்த காய்ச்சல். ஒரு மாசம் தாங்குவா."

ஜெசிந்தாவின் மூன்று வருஷ வேலை ஆய்வகத்தில் பாதியில் நின்றுகொண்டிருந்தது. செல்கள் பக்கத்துச் செல்லுக்குச் சின்னச் சின்னக் குமிழிகளில் தூது அனுப்பும். அந்தக் குமிழியில் பிழையில்லாத பக்கத்தை வைத்து அனுப்பினால் பக்கத்துச் செல் தன் பிழையைத் திருத்திக்கொள்ளும், அது அடுத்ததைத் திருத்தும். இதுதான் அவள் யோசனை. தூது அனுப்ப வேண்டிய நோய்ச் செல்களே உரிந்து விழுந்ததால் அது அதுவரை பலிக்கவில்லை. இப்போது உரியாத செல் இருக்கிறது. ஐந்தாவது குப்பியிலிருந்த கடுகளவுத் தோலை வளர்த்துப் பார்த்தாள். கிண்ணத்தில் பக்கத்துச் செல்கள் ஒவ்வொன்றாகத் திருந்தின.

அறநெறிக் குழுவில் வெள்ளைத் தலை அம்மாள் ஒருவர் கேட்டார். "ஒடம்புக்குள்ள விட்டது எங்க போய் நிக்கும்?"

"தினமும் ஒரு சொட்டு மருந்து குடிச்சாத்தான் வேத்தாள் தோல ஒடம்பு தள்ளாது, தூதும் நடக்கும். நிறுத்தினா நின்னுரும்."

"தப்பாப் போனா?"

"எம் பேர்ல எழுதிக்கோங்க மேடம்."

"பேர்ல எழுதலாம்மா. வலி அந்தப் பிள்ளை ஒடம்புலல்ல எழுதும்? போய் அவகிட்டயும் கேட்டுட்டு வா."

கேட்டார்கள். ராமலட்சுமி ஏற்கெனவே தலையாட்டிவிட்டாள். "வலிக்குமா?" என்றாள் செண்பகம். "வலிக்கும்" என்றாள் ஜெசிந்தா. "நீ மட்டுந்தான் வலிக்காதுன்னு சொல்லல. சரி" என்றது குழந்தை.

இன்னும் ஒரே ஒரு சம்மதம் பாக்கி. மாதக் கணக்கில் வளர்க்க நேரமில்லாததால் அந்த ஒரு விரற்கடை முழுவதும் வேண்டும். சுடலைமுத்துவின் உடம்பில் வலிக்காத இடம் அது ஒன்றுதான். அதற்குக் கயிற்றை எடுக்க வேண்டும்.

"முடியாது. எங்க பக்கம் அரைஞாண அறுக்கறது பொணத்துக்குத்தான்" என்றாள் கனியம்மாள்.

சுடலைமுத்து அம்மாவின் பக்கம் தலையைச் சாய்த்தான். கையைப் பிடிக்க முடியாதவன் அப்படித்தான் பேசுவான். "அறுக்க வேண்டாம்மா. நீதான் கட்டின, நீயே அவுத்துரு."

"வெறும் இடுப்பா நீ படுத்திருக்கறத நான் பாக்கணுமா?"

"எனக்குக் கட்டும்போது ஊரே வேண்டாம்னுச்சு. நீ கட்டின. அந்தப் புள்ளைக்கும் ஊரு அதத்தான் சொல்லுது. இப்ப நீ ஊரு பக்கமா, ஏம் பக்கமா?"

கனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாய மட்டும் ஒங்கப்பா மாதிரியே வச்சிருக்க" என்றாள்.

அறுவை அரங்கின் வாசலில் பச்சை அங்கி போட்டுக்கொண்டு நின்றாள். பொங்கலுக்குப் போட்ட முடிச்சு எண்ணெயில் ஊறி இறுகியிருந்தது. செவிலி கத்தரிக்கோலை நீட்டியதும் கனியம்மாள் முறைத்தாள், அது பின்வாங்கியது. நகத்தால், பிறகு பல்லால், கால் மணி நேரம். முடிச்சு அவிழ்ந்தது. கயிற்றைத் தன் இடுப்பில் சேலைக்குள் கட்டிக்கொண்டாள். "நீ திரும்பி வார வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். போயிட்டு வா."

செண்பகத்தின் இடுப்பில், கயிறு கிழித்த அதே புண்ணின்மேல், அந்தத் தோலைப் பதித்தார்கள். சுடலைமுத்துவின் இடுப்பில் எஞ்சியது ஒரு புண்தான். அதன்மேல் போட ஒரு துணுக்கை மட்டும் ஆய்வகத்தில் வளரவிட்டிருந்தாள் ஜெசிந்தா.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. ராமலட்சுமி மாரியம்மனுக்கும் வேளாங்கண்ணிக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள். மூன்றாம் வெள்ளி, பேனாவால் வரைந்து வைத்திருந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு நெல்மணி அகலம் நல்ல தோல் நின்றது. ஜெசிந்தா விரலால் அழுத்தினாள். தேய்த்தாள். உரியவில்லை.

"அக்கா, இன்னொருக்கத் தேய்" என்றாள் செண்பகம். "சொகமா இருக்கு."

அப்புறம் பாருங்கள் கண்ணுகளா, வெள்ளிக்கு வெள்ளி கோடு நகர்ந்தது. தொப்புளைத் தாண்டியது. விலாவைப் பிடித்தது. பங்குனியில் தோளுக்கு ஏறியது. கழுகுமலையில் அந்தத் தெருவே "இப்ப எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று விசாரித்தது, ஏதோ குளத்துக்குத் தண்ணீர் வருவதுபோல. தாடைக்கு வந்து உதட்டில் பத்து நாள் நின்றது. வாய்க்குள் போகுமா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து குழைந்த கஞ்சி தவிர எதையும் கடித்ததில்லை. கடித்தால் வாயெல்லாம் ரத்தம்.

ஒரு நாள் ராமலட்சுமி தேடிக்கொண்டிருந்தாள். செண்பகத்தைக் காணோம். பெட்டிக்கடை வாசலில் இருந்து வந்தது சத்தம். கடக். மறுபடி கடக். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது குழந்தை. ராமலட்சுமி ஓடிப்போய் வாயைத் திறந்து பார்த்தாள். வெல்லமும் கடலையும்தான் இருந்தன. ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

"அம்மா," என்றது பிள்ளை, வாய் நிறைய, "இவ்வளவு சத்தம் போடுமா இது?"

ஆய்வகத்தில் தோல் வளர வளர, மற்ற பத்து வீட்டுக்கும் வரிசையாக முறை வந்தது. சுடலைமுத்து தன் முறையைக் கடைசியில் வைத்துக்கொண்டான். "மைக்ல கூப்பிடுறவன் கடைசி பஸ்லதான ஏறணும்?" என்றான்.

ஜெசிந்தாவின் வாய்மொழித் தேர்வு ஒரு தை மாதம் நடந்தது. தேர்வாளர்கள் மூன்று மணி நேரம் கேட்டார்கள். தன் தப்பைத் தனி அத்தியாயமாக எழுதியிருந்தாள். அதை எடுத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னபோது, "அதுதான் சார் மத்தவங்களுக்கு முதல்ல தேவைப்படும்" என்றாள். நன்றியுரையில் முதல் பெயர் பசை காய்ச்சும் கனியம்மாள். திருமலைக்கொழுந்து கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார்.

மறுநாள் அவள் கோவில்பட்டியில் இறங்கியபோது ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. "பயணிகளின் கனிவான கவனத்துக்கு. மதுரையிலிருந்து வந்த வண்டி ஒண்ணாவது மேடையில நிக்குது. அதுல இருந்து டாக்டர் ஜெசிந்தா இறங்கிட்டிருக்காங்க. ஊசி போடமாட்டாங்க, யாரும் ஓட வேண்டாம். ஒரு கை தட்டலாம்." நிலையமே தட்டியது. எதற்கென்று தெரியாதவர்களும் தட்டினார்கள். கடலைமிட்டாய் விற்கிறவர் ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மைக் அறையிலிருந்து சுடலைமுத்து வெளியே வந்தான். தன் முறை வந்தபின் மருத்துவர்கள் பிரித்து வைத்த விரல்கள் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் இருந்தன. ஆனாலும் கையை நீட்டி அவள் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினான். அப்படி ஒரு கையைப் பிடிப்பது அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவை. விட மறந்துவிட்டான்.

அன்றைக்கு அவனுக்குப் புதுச் சட்டை. கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த வெள்ளைச் சட்டை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கனியம்மாள் வந்தாள், மடியில் புது அரைஞாண் கயிற்றோடு. பின்னால் சொந்தக்காரர்கள் எட்டுப் பேர், முப்பது வருஷத்துக்கப்புறம் முதன்முதலாக. மகனை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏலே, நல்ல நாளும் அதுவுமா சட்டையத் திருப்பிப் போட்டுட்டு நிக்க!"

சுடலைமுத்து மெல்லச் சொன்னான்: "இல்லம்மா. இன்னைக்குத்தாம்மா சரியாப் போட்டிருக்கேன்."

கனியம்மாள் கிட்ட வந்து அவன் தோளில் தையலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காலரை. பிறகு பொத்தானை. அப்புறம் அந்தப் பேருந்து நிலையத்தின் நடுவில், எட்டுச் சொந்தக்காரர் முன்னால், அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எழுத எனக்கு எழுத்து இல்லை கண்ணுகளா.

அவ்வளவுதான். எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் தோல் நிறைந்து, பல் நிறைந்து, கடக்கென்று கடித்து வளரட்டும். உங்கள் வீட்டுத் தாய்மார்கள் செய்யாத பாவத்துக்கு ஒரு நாளும் தலை குனியாதிருக்கட்டும். நீங்கள் கட்டுகிற முடிச்சு இறுகி நிற்கட்டும், அவிழ்க்க வேண்டிய நாளில் உங்கள் கையாலேயே அவிழட்டும். நன்றாக இருங்கள்.